100 ரூபாய் கட்டி ஒரு டெண்டரின் பின்கதையைத் தேடியபோது

மாநகராட்சி ஒன்றின் குப்பை அள்ளும் டெண்டரில் கடைசிவரை நின்றவை இரண்டே கம்பெனிகள். இரண்டுமே ஒரு குடும்பத்தின் கையில் இருப்பவை என்று அதே தொழிலில் இருக்கும் ஒருவர் சொன்னார். அவருக்கும் அந்த டெண்டர் மீது ஒரு கண் இருந்தது. அதனால் அவர் பேச்சை மட்டும் வைத்து எழுத முடியாது, காகிதம் வேண்டும்.

கம்பெனி என்றால் காகிதம் இருக்கும் இடம் எம்.சி.ஏ. என்கிற மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 399ஆவது பிரிவுப்படி, பதிவாளரிடம் ஒரு கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். நிருபர் அட்டையெல்லாம் தேவையில்லை. ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். கட்டிய ஏழு நாளுக்குள் திறக்க வேண்டும், திறந்தால் மூன்று மணி நேரம். நான் பார்த்தபோது இதுதான் கணக்கு.

கடிகாரம் ஓடும் என்பதால் இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடித்துவிடுவது என் வழக்கம். கம்பெனியின் 21 எழுத்து அடையாள எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லும். ‘யு’வில் தொடங்கினால் பங்குச்சந்தையில் பட்டியலிடாதது, நடுவில் ‘டிஎன்’ வந்தால் தமிழ்நாடு, அதையடுத்த நான்கு இலக்கம் தொடங்கிய ஆண்டு. இப்போதைய இயக்குநர்கள், பதிவு முகவரி, மின்னஞ்சல், வங்கிக் கடனுக்கு அடமானம் உண்டா என்பது வரை காசில்லாமலே தெரியும். இந்த இரண்டு கம்பெனிகளிலும் இயக்குநர்கள் வேறு வேறு ஆட்கள், முகவரியும் வேறு. இலவசத்தோடு நின்றிருந்தால் செய்தி அங்கேயே செத்திருக்கும்.

மின்னஞ்சல் மட்டும் ஒன்றாக இருந்தது. அதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கத் தோன்றும், ஆனால் அதற்கு மதிப்பு குறைவு. சின்ன கம்பெனிகள் பலவும் தங்கள் ஆடிட்டரின் மின்னஞ்சலையே கொடுத்துவிடும். சில நேரம் பதிவு முகவரியே ஆடிட்டர் ஆபீஸ் மாடியாக இருக்கும். ஒரே ஆடிட்டர் என்பதை வைத்து ஒரே முதலாளி என்று எழுதினால், மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டேன். டெண்டர் அறிவிப்புக்கு முந்தைய ஓராண்டில் யார் விலகினார்கள்? பங்கு யார் யாரிடம் இருக்கிறது? கடனுக்கு யார் சொத்தை ஈடு வைத்தார்கள்? கேள்விக்கு ஒரு படிவம். இயக்குநர் வந்துபோனது டிஐஆர்-12, பங்குதாரர் விவரம் எம்ஜிடி-7, கணக்கு ஏஓசி-4, அடமானம் சிஎச்ஜி-1. இது தெரியாமல் உள்ளே போனால், நூற்றுக்கணக்கான கோப்புகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நேரம் கரையும். நான் எதையும் அங்கேயே உட்கார்ந்து படிப்பதில்லை. தேவையான வகைகளை அப்படியே இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பிரிப்பேன்.

பழைய படிவங்களில் ஒரு சிக்கல் உண்டு. பிரவுசரில் திறந்தால் ‘காத்திருக்கவும்’ என்று ஒரு வரி வந்து அப்படியே நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அடோபி ரீடரில் திறந்தால் படிவம் தெரியும். ஓரத்தில் இருக்கும் பேப்பர் கிளிப் படத்தை அழுத்தினால் இணைப்புகள் வரும். சரக்கு இருப்பது அந்த இணைப்புகளில்தான்: ராஜினாமா கடிதம், பங்குதாரர் பட்டியல், வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல்.

எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். இரண்டாவது கம்பெனியின் பழைய டிஐஆர்-12இல், முதல் கம்பெனியை இப்போது நடத்துபவர் முன்பு இயக்குநராக இருந்திருக்கிறார். டெண்டர் அறிவிப்புக்குச் சில மாதம் முன்னால் விலகியிருக்கிறார். ஆனால் பெயர் ஒத்துவரவில்லை. ஒன்றில் அவர் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால், இன்னொன்றில் தலைகீழ். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்ட படிவத்தில் இனிஷியல்காரர்களான நம்மூர்க்காரர்கள் படும் பாடு இது. இயக்குநருக்கான எட்டு இலக்க எண் இரண்டிலும் ஒன்றே என்பதால் ஆள் ஒருவர்தான் என்பது உறுதியானது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இதே ஆவணங்களை வாங்கி அழகாக அடுக்கி விற்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. யார் யாரோடு எங்கே இயக்குநர் என்பதை ஒரே சொடுக்கில் காட்டும், அந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம். கணக்குத் தொகைகளை மட்டும் அங்கிருந்து எடுக்கமாட்டேன். லட்சத்தில் எழுதிய கணக்கை ரூபாயாக எடுத்துக்கொண்ட ஒரு பக்கத்தைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். அச்சில் போவது மூலப் படிவத்தில் இருக்கும் தொகையாகவே இருக்கட்டும்.

100 ரூபாய் அதிகமில்லை. ஆனால் ஒரு வலைப்பின்னலில் இருபது கம்பெனி இருந்தால் ஃப்ரீலான்ஸ் நிருபருக்குக் கையைக் கடிக்கும். பிரிட்டனில் 2015 முதல் இதெல்லாம் இலவசம். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் வழக்கு ஆவணம் பார்க்கப் பக்கத்துக்கு 10 சென்ட் உண்டு, ஆனால் காலாண்டுச் செலவு 30 டாலரைத் தாண்டாவிட்டால் வசூலிப்பதில்லை. இங்கேயும் அப்படி ஒரு வரம்பு வைத்தால் அரசுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இறக்கிய கோப்புகளில் வீட்டு முகவரி, பான் எண், கையெழுத்தெல்லாம் இருந்தன. டெஸ்க்குக்கு அனுப்பும் முன் அவற்றைக் கறுப்படித்தேன். இரண்டு கம்பெனிகளுக்கும் படிவத்தின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டுக் கேள்வி அனுப்பினேன். ஒன்று பதில் தரவில்லை. மற்றது, விலகல் சட்டப்படி நடந்தது, டெண்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. அந்தப் பதிலையும் சேர்த்தே போட்டோம்.

சிஎச்ஜி-1 இணைப்பில் ஒரு நிலத்தின் சர்வே எண்ணும் கிடைத்தது. இரண்டாவது கம்பெனியின் கடனுக்கு ஈடாக வைத்த நிலம் அது. யார் பெயரில் இருந்து யாருக்குக் கைமாறியது என்று பார்க்க, தமிழ்நாடு பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே பார்ப்பதற்குக் காசில்லை.