சிவப்புப் பதாகை தொங்கிய நாட்கள்

12 ஜூன் 2020, வெள்ளி

மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் பதாகையைக் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டியிருக்கிறார்கள். டெங்கி வந்தவர்களின் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் சிவப்பு. சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புப் பேட்டையில் 11 பேர். அம்மா நின்று முழுவதும் படித்துவிட்டு, "கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள்ள கிடந்தோம், இது வீட்டுக்குள்ளயே வந்துருச்சே" என்றார்.

அம்மா சொன்னது சரிதான். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சாக்கடைத் தண்ணீரைத் தேடாது, நாம் வீட்டில் வைத்திருக்கும் தெளிந்த தண்ணீரே போதும். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அலுவலகத்தையும் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தோம். கொவிட்டைத் தடுத்த அதே இரண்டு மாதம் கொசுவுக்குப் பந்தி விரித்துவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் வீடுகளிலும் தாழ்வாரங்களிலும் அகப்பட்ட கொசுப் புழுக்கள், அதற்கு முந்தைய இரண்டு மாதத்தைவிட ஐந்து மடங்கு என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம்.

14 ஜூன், ஞாயிறு

அக்கா ஈசூனிலிருந்து அழைத்தாள். அவர்கள் வட்டாரத்தில் வோல்பாக்கியா கொசுக்களை விடுகிறார்கள். "ஜன்னல் பக்கம் எப்பப் பாரு கொசு, ஆனா ஒண்ணும் கடிக்கல" என்கிறாள். விடுவதெல்லாம் ஆண் கொசு, ஆண் கொசு கடிக்காது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆணோடு கூடிய பெண் கொசு முட்டையிடும், அந்த முட்டை பொரியாது. கொசுவை வைத்தே கொசுவைக் குறைப்பது. எங்கள் பக்கமும் சீக்கிரம் வரட்டும்.

17 ஜூன், புதன்

2014இல் ஒரே வாரத்தில் நாடு முழுக்க 891 பேருக்கு டெங்கி என்பதுதான் இதுவரை உச்சமாக இருந்தது. இப்போது வாரத்துக்கு 1,000ஐத் தாண்டிவிட்டது.

இவ்வளவு சுத்தமான ஊரில் எப்படி என்று மகன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். பல ஆண்டுகளாக இங்கே 100 வீட்டைச் சோதித்தால் ஏறத்தாழ 2 வீட்டில்தான் புழு இருக்கும். கொசு குறைந்ததால் நோயும் குறைந்தது. அப்புறம், நோய் கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் இப்போது கொஞ்சம் கொசு இருந்தாலே நோய் பரவ அது போதும். அதோடு டெங்கிக் கிருமி ஒன்றல்ல, நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் ஆயுள் காப்பு. இரண்டாம் முறை வேறு வகை வந்தால் உடம்பை இன்னும் மோசமாகப் படுத்தக்கூடும். இவ்வாண்டு தலைதூக்கியிருக்கும் மூன்றாம் வகை, இங்கே பெரிதாகப் பரவி முப்பது ஆண்டு ஆகப்போகிறது. மகன் வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை.

20 ஜூன், சனி

மாலையிலிருந்து இவருக்குக் காய்ச்சல், 38.9. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறார். கொவிட்டாக இருக்குமோ என்று மகனை அம்மாவின் அறைக்கு அனுப்பிவிட்டேன்.

22 ஜூன், திங்கள்

டெங்கிதான். மருந்தகத்தில் ரத்தம் எடுத்து, டெங்கிக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை செய்து சொல்லிவிட்டார்கள். பாரசிட்டமால் மட்டும், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிறையத் தண்ணீர். கிளம்பும்போது தாதி சொன்ன ஒன்றைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை: "அவருக்குக் கொசுவிரட்டி தடவுங்க."

நோய் வந்தவருக்கு எதற்கு என்று முதலில் புரியவில்லை. காய்ச்சல் அடிக்கும் நாட்களில் கிருமி அவர் ரத்தத்தில் ஓடுகிறது. அப்போது கடிக்கிற கொசு கிருமியை எடுத்துக்கொள்ளும். தடவுவது அவருக்காக அல்ல, பக்கத்து வீடுகளுக்காக. இன்று மாலை முதல் தடவுகிறேன்.

24 ஜூன், புதன்

வாரியத்தின் அதிகாரி முகக்கவசத்தோடு வந்தார், நல்ல பையன். கடந்த இரண்டு வாரம் எங்கெல்லாம் போனீர்கள் என்று இவரைக் கேட்டார். எங்கும் போகவில்லை, சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். 14 நாளுக்குள், 150 மீட்டருக்குள் வசிக்கும் இரண்டு பேருக்கு வந்தாலே அதைக் குழுமம் என்று குறித்துக்கொள்கிறார்கள். இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது, அதனால்தான் அந்த 150. சாதாரண நாளில் வேலையிடத்தில் கடித்ததா, வீட்டில் கடித்ததா என்று பிரிக்க முடியாது. வரைபடத்தில் வீட்டு முகவரிக்குத்தான் புள்ளி விழும். இவர் விஷயத்தில் அந்தப் புள்ளி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

துணிக்கம்பு செருகும் குழாய்கள், பூச்சட்டித் தட்டு, அம்மாவின் பூஜைச் சொம்பு எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. சமையலறை ஜன்னலில் பாட்டிலில் வைத்த மணி பிளாண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். வேருக்கு நடுவே நான்கைந்து புழுக்கள் நெளிந்தன. தண்ணீரை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறேன்தான். ஆனால் வேரை ஒருநாளும் கழுவியதில்லை. பாட்டிலின் உள்சுவரிலும் வேரிலும் முட்டை ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்றார். அவர் முன்னாலேயே செடியை எடுத்து மண்ணில் நட்டேன்.

26 ஜூன், வெள்ளி

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் காய்ச்சல் விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரமாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 61,000தான், குறைவு. நாளைக்கு மறுபடி ரத்தம்.

29 ஜூன், திங்கள்

பிளேட்லெட் ஏறுகிறது. இவர் ரசம் சோறு கேட்டார். பதாகையில் 16.

5 ஜூலை, ஞாயிறு

இன்னும் 16தான். புதிதாக யாருக்கும் வராமல் 14 நாள் போனால் குழுமத்தை மூடிவிடுவார்கள். இன்று ஆறாம் நாள்.

காலண்டரை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன். கடித்த பிறகு காய்ச்சல் வர 4 முதல் 7 நாள் ஆகும் என்றால் இவரைக் கடித்தது ஜூன் 13க்கும் 16க்கும் இடையில். அந்தக் கொசுவுக்குள் கிருமி வளர்ந்து எச்சிலுக்கு வர 8 முதல் 12 நாள். அப்படியென்றால் அது வேறொரு நோயாளியைக் கடித்தது ஜூன் முதல் வாரத்தில். பதாகையில் இன்று பார்க்கிற எண் மூன்று வாரத்துக்கு முந்தைய கடியின் கணக்கு. இன்று கவிழ்க்கும் தண்ணீரின் பலனும் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். எண் இறங்கவில்லையே என்று இடையில் கையை விட்டுவிடக் கூடாது.

10 ஜூலை, வெள்ளி

வாக்களிக்கப் போய்விட்டு வரும்போது கீழ்த்தளத்தில், எங்களுக்கு மேல் மாடி வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மகளுக்கு எட்டு வயது. புதன்கிழமையிலிருந்து காய்ச்சல், இன்று டெங்கி என்று உறுதியாகிவிட்டது. 14 நாள் கணக்கில் பதினோராம் நாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி காலண்டரை எடுத்தேன். குழந்தையைக் கடித்தது ஜூலை 1க்கும் 4க்கும் இடையில் இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு நாள் பின்னால் போனால் ஜூன் 19 முதல் 26 வரை. அதற்குள் ஜூன் 20, 21, 22ம் வருகின்றன. நான் இவருக்குக் கொசுவிரட்டி தடவாத நாட்கள். எங்கள் வீட்டிலிருந்துதான் போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, குழுமத்தில் இன்னும் 15 பேர் இருக்கிறார்கள். ஆனாலும் தேதிகள் பொருந்துகின்றன.

ரசத்தை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு, இவருக்கு வாங்கியதில் பாதி மிச்சமிருந்த கொசுவிரட்டியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "பாப்பாவுக்குத் தடவுங்க, காய்ச்சல் விடுற வரைக்கும் விடாமத் தடவுங்க" என்றேன். "வந்தப்புறம் எதுக்குக்கா?" என்றாள் அவள். வாசலில் நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன்.