2³¹−1: ஒரு பெரிய பகா எண்ணைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

2147483647, அதாவது 2³¹−1, ஒரு பகா எண் என்று 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவினார். பத்து இலக்க எண் ஒன்றை அவர் கணினியின்றி எப்படிக் கையாண்டார் என்பதை நானே கணக்கிட்டுப் புரிந்துகொள்ள விரும்பினேன்.

இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றே முதலில் தோன்றும். ஆனால் ஏதேனும் ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அதனால் 2³¹-ஐ வகுக்கும்போது மீதி 1 வரும். 31-உம் பகா எண்ணாக இருப்பதால், ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி (p என்ற பகா எண்ணால் வகுபடாத எண்ணின் p−1 ஆவது அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1) அந்த வகுஎண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது 62-இன் மடங்காகவே இருக்க வேண்டும். மேலும் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதே வகுஎண்ணுக்கு அது 2-ஐ மீதியாகத் தருவதால், அந்த வகுஎண்ணை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மீதியாகும். இரண்டு நிபந்தனைகளையும் இணைத்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்களைச் சோதித்தால் போதும். அப்படி எஞ்சுபவை 372 எண்களே (63 பகு எண் என்பதால் அதை விட்டுவிட்டேன்). ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. கணக்கைத் தொடங்கும் முன்பே வேலையை இவ்வளவு சுருக்கிவிடும் இந்தத் தர்க்கம்தான், என் பார்வையில், முழு முயற்சியிலும் மிக அழகான பகுதி.

அடுத்து, 2ⁿ−1 வடிவ எண்களுக்காகக் கணிதவியலாளர் லூகாஸ் கண்டறிந்து லேமர் 1930-இல் செம்மைப்படுத்திய சோதனைக்கு வந்தேன். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்; இப்படி n−2 படிகள். 127-க்கு (2⁷−1) இதைத் தாளிலேயே செய்யலாம்: 4, 14, 67, 42, 111, 0. இறுதியில் 0 வந்ததால் அது பகா எண். 2047-க்கோ (2¹¹−1) கடைசியில் 1736 நிற்கிறது. அது பகு எண் என்பது உறுதியாகிறது, ஆனால் 23 × 89 என்ற காரணிகளைப் பற்றி இச்சோதனை எதுவும் சொல்வதில்லை. 2³¹−1-க்கு 29 படிகள் தேவைப்பட்டதால் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். 2³¹-இன் மீதி 1 என்பதால் வகுத்தலே தேவையில்லை. இரும வடிவத்தின் கடைசி 31 பிட்டுகளை ஒரு பகுதியாகவும், அதற்கு மேலுள்ளவற்றை மற்றொரு பகுதியாகவும் பிரித்துக் கூட்டினால் மீதி கிடைத்துவிடுகிறது. இருபத்தொன்பதாம் படியில் 0 வந்தது.

அடுக்குகளை 2³¹−1-ஆல் வகுத்தால் வரும் மீதிகளின் சுழற்சியையும் பார்த்தேன். 2-இன் அடுக்குகள் 31 படிகளிலேயே 1-க்குத் திரும்பிவிடுகின்றன. 7-இன் அடுக்குகளோ 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களையும் தொட்ட பிறகே திரும்புகின்றன. இதை உறுதி செய்ய முழுச் சுழற்சியையும் ஓட்ட வேண்டியதில்லை. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331 என்பதால், இந்த ஏழு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றாலும் அதை வகுத்து, கிடைக்கும் ஈவை 7-இன் அடுக்காக எடுத்துக்கொண்டு, எந்த அடுக்கிலும் மீதி 1 வரவில்லை என்று காட்டினால் போதும்.

இப்போது 2⁶¹−1-இல் இருக்கிறேன். 1644-இல் மெர்சென் தந்த, 2ⁿ−1 வடிவப் பகா எண்களின் பட்டியலில் விடுபட்டிருந்த இந்த எண் பகா எண் என்பதை 1883-இல் பெர்வுஷின் காட்டினார். இதில் வர்க்கம் 122 பிட்டுகள் வரை வளர்ந்து 64 பிட்டுக்குள் அடங்காததால், பெருக்கலைத் துண்டு துண்டாகச் செய்யும் பகுதியை எழுதி வருகிறேன்.