ரியோ மொட்டில் பன்னிரண்டின் வளையம்

உயர்தர வகுப்பில் முதலுருச்சுருக்கம் பார்க்க இலையை உரிப்போமே, அந்த ரியோதான். உப்புவெளிப் பக்கம் சாடிகளில் ஊதா அடியிலையோடு நிற்கும். அதன் மொட்டில் ஒடுக்கற்பிரிவை, அதாவது மகரந்தம் உருவாகுமுன் நடக்கும் கலப்பிரிவை, பார்த்துமுடிக்கப் பலமுறை செய்ய வேண்டியிருந்தது.

மொட்டுப் பறிப்பதிலேயே பாதி வேலை போய்விடுகிறது. படகு மடலுக்குள் சிறிதும் பெரிதுமாக மொட்டுகள் இருக்கும். மகரந்தக்கூடு மஞ்சளாகிவிட்டால் பிந்திவிட்டது. கண்ணாடிபோலத் தெரிபவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் மதிய மொட்டு சரிவராது, நிறமூர்த்தங்கள் (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகள்) பிசின்போல ஒட்டிக்கிடந்தன. காலையில் பறித்து அங்கேயே 3 பங்கு எதனோல், 1 பங்கு அசெற்றிக் அமிலக் கலவையில் போடுங்கள். 24 மணித்தியாலம் கழித்து 70% எதனோலுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

ஒரு மகரந்தக்கூட்டை 45% அசெற்றிக் அமிலத்தில் கரைத்த 1% அசெற்றோகாமைன் துளியில், இரும்பு ஊசியால் நசுக்குங்கள். ஊசியின் இரும்பு சாயத்தைப் பிடிக்க வைக்கும். அது கூடினால் எல்லாமே கறுத்துவிடும். கூட்டின் சுவர்த் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள், இருந்தால் மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடி மூடித்துண்டு தட்டையாக அமராது. மதுசார விளக்கின் மேல் இலேசாகக் காட்டுங்கள், கொதிக்கவிடாதீர்கள். ஒற்றுத்தாள் வைத்து பெருவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் வழுக்கினால் வளையம் அறுந்துவிடும்.

அனுவவத்தைக் கலம் (நிறமூர்த்தங்கள் நடுவில் அணிவகுக்கும் கட்டம்) கிடைத்தால் சோடிகளைத் தேடாதீர்கள். 12 நிறமூர்த்தங்களும் முனையோடு முனை கோர்த்து வளையமாகவோ சங்கிலியாகவோ நிற்கும். முன்னொரு காலத்து இடமாற்றங்களால் (ஒன்றின் துண்டு இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்வது) ஒவ்வொன்றின் இரு புயங்களும் வெவ்வேறு அயலாருக்கு ஒத்தவை. ஆகவே சோடிசேர்தல் முனைகளில்தான், கயாஸ்மாவும் (சோடிசேர்ந்தவை பிணைந்து நிற்கும் இடம்) அங்கேதான். மையப்பாத்தை, அதாவது இரு புயங்களும் சந்திக்கும் இடத்தை, சூழ்ந்த பகுதி இறுகிய கட்டமைப்புடையது, அங்கே குறுக்குப் பரிமாற்றம் (சோடிசேர்ந்தவை ஒத்த துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடப்பது மிக அரிது. அதனால் நடுப்பகுதிப் பரம்பரையலகுகள் கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. நிறமூர்த்தத்தின் அமைப்பே இந்தப் பரிமாற்றத்தால் வரும் மீள்சேர்க்கையின் இடத்தைத் தீர்மானிப்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் செடி நம் முற்றத்திலேயே நிற்கிறது!

ஒரு முனையில் கயாஸ்மா உருவாகாவிட்டால் வளையம் சங்கிலியாகிறது. நல்ல கலத்தில் நிறமூர்த்தங்கள் வளைந்து வளைந்து, ஒன்றுவிட்டொன்று கலத்தின் எதிர்முனைவை நோக்கும். அடுத்தடுத்த இரண்டு ஒரே பக்கம் திரும்பினால் சில துண்டுகள் இரட்டித்து, சில இல்லாமல் போகும். மலர்ந்த பூவின் மகரந்தத்தை அதே சாயத்தில் போட்டுப் பாருங்கள்: சிவந்து திரண்ட மணிகளுக்கிடையே நிறமேறாத சுருங்கிய வெற்று மணிகள் தெரியும்.