குதிகால் ஏன் எழும்பியது?

உடற்பயிற்சியாளர் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்த நாட்களில், பாதமும் கணுக்காலும் பற்றிய பாடத்தைக் கடைசிவரை ஒத்திப்போட்டேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் என்று மனப்பாடம் செய்ய முடிந்தது. அசைவுகளின் பெயர்கள்தான் குழம்பின. வீட்டுத் தையல் இயந்திரத்தின் மிதிபலகையில் முன்பாதத்தை அழுத்தினால் ப்ளாண்டார்ஃப்ளெக்ஷன் (பாதம் கீழ்நோக்கி மடங்குவது), குதிகாலை அழுத்தினால் டார்சிஃப்ளெக்ஷன் (பாதம் மேல்நோக்கி மடங்குவது) என்று பிடிபட்டது. கடலூர் வெள்ளிக் கடற்கரையின் சரிவில் நடந்தபோது, கடல் பக்கத்துப் பாதம் உள்நோக்கித் திரும்புவதும் (இன்வெர்ஷன்), மேட்டுப் பக்கத்துப் பாதம் வெளிநோக்கித் திரும்புவதும் (எவெர்ஷன்) தெரிந்தன. இவ்விரண்டும் பெரும்பாலும் கணுக்கால் மூட்டுக்குக் கீழே, டாலஸ் எனும் கணுக்கால் எலும்புக்கும் அதன் கீழுள்ள குதிகால் எலும்புக்கும் இடையில் நிகழ்பவை.

ஆனாலும் புதுச்சேரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், ஸ்குவாட்டில் (குந்தி எழும் பயிற்சியில்) குதிகால் எழும்பிய ஓர் ஆசிரியைக்குத் தொடை வலு போதவில்லை என்று நானாகவே முடிவுகட்டி, மூன்று வாரங்களை வீணாக்கினேன். "முன்னெல்லாம் குந்தி உக்காந்துதான் பாத்திரம் தேய்ப்பேன் சார், இப்பத்தான் முடியல" என்று அவர் சொன்ன பிறகே கணுக்காலைப் பார்க்கத் தோன்றியது. கணுக்கால் போதிய அளவு மடங்காவிட்டால், குந்தும்போது குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும்.

காலணியைக் கழற்றச் சொல்லி, சுவரை நோக்கி நிற்கவைத்து, குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடும்வரை பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தினோம். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. இருந்தால் போதுமானது என்பார்கள். அவருக்கு வலக்காலில் 4, இடக்காலில் 6. முதல் முறை 7 என்று குறித்திருந்தேன்; உள்ளங்கால் வளைவு சரிந்து, முழங்கால் உட்பக்கம் சாய்ந்ததால் வந்த பொய்க் கணக்கு அது.

கணுக்காலின் முன்புறம் நெரிவதாகச் சொல்லியிருந்தால் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். அவருக்கு இறுக்கம் கெண்டைக்காலில், அதுவும் முழங்காலை மடக்கியபோதே இருந்தது. கெண்டைக்காலின் இரு தசைகளில் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடையெலும்பில் தொடங்குவதால் மடக்கும்போது தளர்ந்துவிடும். முழங்காலுக்குக் கீழே தொடங்கும் சோலியஸ் தளராது. ஆகவே, அதுவரை நான் கொடுத்துவந்த, காலை நீட்டிச் சுவரைத் தள்ளும் பயிற்சி, சரியான தசையைச் சரியாக எட்டவே இல்லை.

முழங்காலை மடக்கி நீட்சி, உட்கார்ந்தபடி எடையுடன் குதிகால் உயர்த்துதல், ஸ்குவாட்டின்போது மட்டும் இரு குதிகால்களின் கீழும் மெல்லிய தட்டு என்று மாற்றினேன். எட்டு வாரத்தில் வலக்கால் 7 செ.மீ.யை எட்டியது, தட்டுகளை எடுத்துவிட்டோம். இப்போது புதிதாக வருபவர் எவரானாலும் முதலில் காலணியைக் கழற்றச் சொல்கிறேன்; கூடத்தின் உரிமையாளருக்கு மட்டும் அதில் இன்னும் உடன்பாடில்லை.