கிளிசரின்

நவம்பர் 3, திங்கள்
மாத்திரை ஆரம்பித்து ஒன்பதாவது நாள். ஐம்பது மில்லிகிராமைப் பாதியாக உடைத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. நடுவில் கோடு போட்டிருந்தும் சரியாக உடைவதில்லை. ஒரு பாதி பெரிசு, மற்றது பொடி. பெரிய பாதி போட்ட நாள் நல்ல நாளா என்று கணக்கு வைத்துப் பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை. வேலை செய்ய ரெண்டு வாரமாவது ஆகும், சிலருக்கு ஆறுகூட ஆகலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நவம்பர் 4
தூக்கம் இல்லை.

நவம்பர் 5, புதன்
மேனேஜர் அண்ணா போன். 17-ம் தேதி சாலிகிராமத்தில் ஆடிஷன், தங்கச்சி வேஷம். "ஒரே ஒரு அழுகை சீன்தான்மா பாக்கணுமாம். உனக்கென்ன, கிளிசரினே வேண்டாம்."
ஏழு வருஷமாக இந்த வார்த்தை என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று முயற்சி செய்தேன். மூக்கு மட்டும் சிவந்தது. பக்கெட் நிரம்பி வழிந்து அம்மா கதவைத் தட்டினாள்.

நவம்பர் 7, வெள்ளி
டிவி முழுக்கக் கமல் பிறந்தநாள். மாமா வந்திருந்தார். "1960-லயே களத்தூர் கண்ணம்மா. ஆறு வயசுகூட ஆகல. அவரெல்லாம் மாத்திரை போட்டுக்கிட்டா நடிச்சாரு?" அம்மா அவர் தட்டில் இன்னொரு வடை வைத்தாள். பதில் சொல்லப் பிடிக்காதபோது அவள் வடை வைப்பாள். மொத்தம் நாலு.

நவம்பர் 9, ஞாயிறு
இதை எழுதாமல் தூங்க முடியாது போல.
அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்பத்தூர் பக்கம் ஒரு வீடு, ராத்திரி ஒன்றரை மணி. குழந்தையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் வைப்பு நிதியில் போட வேண்டும் என்று 2017-லேயே விதி வந்தாயிற்று. பணத்தை ஒழுங்காகத்தான் போட்டார்கள். பதினெட்டில் கைக்கு வந்தது, இப்போது டாக்டர் ஃபீஸ் அதிலிருந்துதான். மணியைத்தான் யாரும் பார்க்கவில்லை.
எட்டு டேக், அழுகை வரவில்லை. அசோசியேட் டைரக்டர் ஒருவர் குனிந்து காதில் சொன்னார்: "ஊர்ல உங்க அம்மாச்சி தவறிட்டாங்க பாப்பா. இப்பதான் போன் வந்துச்சு." வாயில் பாக்கு வாசனை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கட் சொன்னதும் லைட்மேன் அண்ணன்கள்கூடக் கை தட்டினார்கள். "சும்மா சொன்னேன்" என்று ஒரு ஃபைவ் ஸ்டார் கொடுத்தார். டிரெய்லரில் வந்தது அந்த அழுகைதான்.
அம்மாச்சி நிஜமாகப் போனது நாலு வருஷம் கழித்து. உசிலம்பட்டியில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. எதிரே ஒரு சித்தி போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

நவம்பர் 10
அந்தச் சாக்லேட்டை முழுசாகத் தின்றேன். கவரைக்கூட நக்கினேன்.

நவம்பர் 12, புதன்
ராத்திரி 2.40. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை மரத்துவிட்டது. மனநல உதவி எண் 14416-ஐ 'தண்ணி கேன் 2' என்று சேமித்து வைத்திருக்கிறேன். முதல் தடவை ஹலோ கேட்டதும் வைத்துவிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு அக்கா, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். என்ன சாப்பிட்டேன் என்று யோசிக்கவே நேரம் ஆனது. குரலை வைத்து அவர் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, சீ.

நவம்பர் 14, வெள்ளி
அண்ணா நகர். மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வரவேற்பில் இருந்த பெண், "அந்த அழுகாச்சிப் பாப்பாதானே நீங்க? ஒரு செல்ஃபி" என்றாள். சிரித்தேன். எடுத்துக்கொண்டாள்.
உள்ளே கேட்டேன், மாத்திரை அழுகையை நிறுத்திவிடுமா என்று. சிலருக்கு உணர்ச்சி மங்கின மாதிரி இருக்கும், அப்படி இருந்தால் சொல், அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், நீயாக மட்டும் நிறுத்தாதே என்றார். "அழுகை வரலைன்னா என்ன பயம்?"
"சம்பளம் வராது டாக்டர்."
அவர் சிரிக்கவில்லை. அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு
இன்றிலிருந்து முழு மாத்திரை. உடைக்கிற வேலை இல்லை. காலையில் கைக்கு என்னவோ போல இருந்தது.

நவம்பர் 17, காலை 6.10
மாத்திரை போட்டாயிற்று. நேற்று சாயங்காலம் வடபழனி மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கினேன், சின்ன பாட்டில். தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். "முகத்துக்காம்மா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். பையில் சீப்புக்குக் கீழே இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாது. ஆட்டோ வந்துவிட்டதாம், கீழேயிருந்து கூப்பிடு