ஒரு மீட்டர் விழ எத்தனை நொடி? கணினியில் அளந்து பார்த்த அனுபவம்

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட எடுக்கும் நேரம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் பாடநூலில் உள்ளபடி 9.81 என்று வைத்துக்கொண்டால் 0.4515 நொடி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டேமுக்கால் பாகையில் இருக்கும் நம் திருநெல்வேலிக்கு ஏற்ற 9.78 என்று கொண்டால் 0.4522 நொடி. இந்த 0.7 மில்லி நொடி வித்தியாசத்தை வீட்டுக் கணினி பிடிக்குமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

விண்டோஸின் சாதாரணக் கடிகாரம் நொடிக்கு 64 முறைதான், அதாவது 15.6 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது. ஆகவே அது உதவாது. ‘குவரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்’ என்னும் எண்ணி என் கணினியில் நொடிக்கு ஒரு கோடி வரை எண்ணுகிறது. ஆனால் பெரும்பாலான யூஎஸ்பி விசைப்பலகைகளைக் கணினி 8 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் விசாரிக்கிறது. விசையைத் தட்டி நேரம் பார்ப்பவருக்கு அந்த ஒரு கோடியால் என்ன பயன்?

ஆகவே நேரத்தைக் காதால் அளப்பது என்று முடிவு செய்தேன். ஓர் அங்குலப் பேரிங் குண்டை நூலில் ஒட்டிப் பலூனில் தொங்கவிட்டு, கீழே பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து, பலூனை ஊசியால் குத்தினால், வெடிக்கும் சத்தம் தொடக்கம், தாம்பாளத்தின் ஓசை முடிவு. ஒலி ஒரு மீட்டரைக் கடக்கவே ஏறத்தாழ 2.9 மில்லி நொடி ஆகும் என்பதால், மைக்கை இரண்டுக்கும் சம தூரத்தில் வைக்க வேண்டும். கணினிக்குள் ஏற்படும் தாமதத்தைப் பற்றிக் கவலையில்லை. இரண்டு சத்தங்களுக்கும் அது ஒன்றுதான். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகும் ஒலியை ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் பெரிதாக்கி, இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள மாதிரிகளை எண்ணினால் போதும். ஒரு மாதிரி 22.7 மைக்ரோ நொடி என்பதால் நான் தேடும் வித்தியாசம் சுமார் 30 மாதிரிகள். மின்விசிறியை நிறுத்திவிடுவது அவசியம். பாளையங்கோட்டை வெயிலில் அதுதான் சோதனையின் கடினமான பகுதி.

அளவுகள் 0.4518-க்கும் 0.4529-க்கும் இடையில் வந்தன. நடுமதிப்பு 9.78 பக்கம் சாய்கிறது என்றாலும், உயரத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினாலே அந்த 0.7 மில்லி நொடி மறைந்துவிடும் என்பதால் இதை முடிவாகச் சொல்ல மாட்டேன். மாடியிலிருந்து மூன்று மீட்டர் விழவிட்டால் உயரப் பிழையின் பங்கு குறையும். ஆனால், தேடும் வித்தியாசம் 1.7 மடங்குதான் கூடும்போது காற்றுத் தடையால் வரும் தாமதம் ஐந்து மடங்காகிவிடும். எனவே ஒரு மீட்டரிலேயே நின்று, டேப்பை விட்டுவிட்டு எஃகு அளவுகோலால் குண்டின் அடிப்பகுதியிலிருந்து தாம்பாளம் வரை அளக்கப் போகிறேன்.