போன் வீட்டில் இருக்கும் நேரம்

படிவத்தில் ஒரே கேள்விதான். வீட்டில் கைப்பேசியோ கணினியோ உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய சில நாளில், என் ஐந்தாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு அதை நிரப்பினேன். போன் போட்டு, போன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். எடுத்தவர்கள் எல்லாரும் இருக்கிறது என்றார்கள். அதில் இருந்த கோமாளித்தனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கட்டமெல்லாம் நிரம்பியதில் மகிழ்ச்சிதான்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவிலிருந்து கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். வகுப்பாசிரியர் வேலையோடு கணினி அறையின் சாவியும் என்னிடம்தான். பெரும்பாலான பிள்ளைகள் மலிவு விலை அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்கள்.

கூகுள் மீட்டில் பாடம் தொடங்கியதும் ஒரு பெண்பிள்ளை என் பொறுமையைச் சோதித்தாள். வகுப்பில் நன்றாகப் படிப்பவள். ஆனால் சில நாள் வருவாள், பல நாள் காணோம். வந்தாலும் கேமராவைத் திறக்க மாட்டாள். பதில் கேட்டால் காற்று வருவது போல ஒரு குரல். "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா, காது கேக்கல" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கூச்சம் என்று நினைத்தேன். வராத நாள்களைச் சோம்பல் கணக்கில் எழுதினேன்.

மே மாதம், எத்தனை பேர் பாடத்துக்கு வந்தார்கள் என்று அறிக்கை கொடுப்பதற்காக வருகைப் பதிவை விரித்து வைத்திருந்தேன். அவள் பெயருக்கு நேரே இருந்த வரிசையைப் பார்த்தபோதுதான் ஏதோ உறுத்தியது. இரண்டு வாரம் தொடர்ந்து வந்திருக்கிறாள். அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள்கூட இல்லை. பிறகு மறுபடி வருகிறாள். சோம்பேறிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அழைத்தேன். அம்மா எடுத்தார். "மன்னிச்சிருங்க டீச்சர், எனக்கு ரெண்டு வாரம் பகல் ஷிஃப்ட், ரெண்டு வாரம் நைட். பகல் வேலைன்னா காலையில அஞ்சே முக்காலுக்கு கம்பெனி பஸ். போனை எடுத்துட்டுப் போயிருவேன். உள்ள கொண்டு போக முடியாது, லாக்கர்ல கிடக்கும். ஆனா பஸ்ஸுக்கு, வீட்டுல ஏதாச்சும்னா, வேணும்ல?"

நைட் ஷிஃப்ட் வாரங்களில் அம்மா காலையில் வந்து படுத்துவிடுவார். போன் வீட்டில் இருக்கும். அதிலும் எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுத வேண்டிய அண்ணனுக்குத்தான் முதல் உரிமை. அவன் விட்ட நேரத்தில், ஒரே அறையில், தூங்கும் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துதான் அவள் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். அவளைத்தான் சத்தமாகப் பேசு என்று விரட்டியிருக்கிறேன். அவள் ஏன் ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை என்று முதலில் கோபம் வந்தது. நான் கேட்டேனா என்ன?

அந்த அம்மா வேலை செய்தது தீவில் உள்ள பாயான் லெப்பாஸில், சிப் சோதிக்கும் தொழிற்சாலையில். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் வந்ததிலிருந்து நம் பெண்கள் எத்தனை பேர் பாலத்தைத் தாண்டியும் ஃபெர்ரி ஏறியும் அங்கே போயிருக்கிறார்கள்! உலகத்தில் சிப்புகளைச் சோதித்துப் பொதியும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் இவருக்கும் பங்கு உண்டு. வீட்டில் இருந்தது விரிசல் விட்ட ஒரு போன்.

அந்த ஆண்டு கல்வியமைச்சு பெற்றோரிடம் எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை என்று தெரியவந்தது. பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட எண் அது. நானும் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி ஆதங்கப்பட்டிருக்கிறேன். என் மாணவி அந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டாள். அவள் 'உண்டு' பக்கம். டிக் போட்டதே நான்தான்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஏப்ரலிலிருந்து நாளுக்கு 1 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தன. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும். பகல் ஷிஃப்ட் வாரங்களில் அந்தப் பத்து மணி நேரமும் போன் லாக்கருக்குள். சாயங்காலம் பஸ் வந்து சேர்வதற்குள் இலவசம் முடிந்திருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு, 'போன் வீட்டில் இருக்கும் நேரம்' என்று தலைப்பிட்டேன். மறுபடி எல்லா வீட்டுக்கும் அழைத்தேன். ஓர் அப்பா பாதுகாவலர். ஒருவர் லாரி ஓட்டுகிறார், போன் வாரக் கடைசியில்தான் வரும். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், மூவருக்கும் காலை 9 மணிக்கு வகுப்பு. மூன்று ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஒரு சில வீடுகளில் மட்டும் பிள்ளைக்கென்று தனி மடிக்கணினி, தனி மேசை. ஒரு பையன் ஸூமில் கோடிங் வகுப்பும் போய்க்கொண்டிருந்தான். எல்லாரும் ஒரே பத்தியில் 'உண்டு'.

அதன் பிறகு பாடத்தைச் சின்னச் சின்னக் குரல் பதிவுகளாக்கி இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். பயிற்சிகள் இரவு பதினொன்றுக்கு மேல் படமாக வரும். "இராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்தார். என் வீட்டிலும் முணுமுணுப்புதான்.

நவம்பரில் பள்ளி மறுபடி மூடியபோது முன்னாள் மாணவர்கள் ஐந்து பழைய மடிக்கணினிகள் கொடுத்தார்கள். ஒன்று அவளுக்குப் போயிற்று. வீட்டில் இணையம் இல்லாததால் பாடங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். கட்டுரையைத் தமிழிலேயே தட்டச்சு செய்து வா என்றேன். கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினத்தை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். ஆனால் நம் பிள்ளைகளோ வாட்ஸ்அப்பில் 'வணக்கம்' என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் அனுப்புகிறார்கள். எனக்கு அது நீண்ட நாள் மனத்தாங்கல். தமிழ்99 விசைப்பலகையைத் தாளில் வரைந்து கொடுத்து அனுப்பினேன்.

பள்ளி திறந்ததும் கணினி அறையில் வேறொரு பாடம் எனக்குக் காத்திருந்தது. ஓடுகிற கணினிகள் பாதிதான், அதனால் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தேன். எந்த ஜோடியைப் பார்த்தாலும் மௌஸ் தெரிந்தவன் கையில் இருந்தது. தெரியாதவன் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். யாரும் யாரையும் தள்ளவில்லை, தானாக அப்படி அமைந்துவிடுகிறது. தெரியாதவர்தான் மௌஸைப் பிடிக்க வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுத்தது, பாவம். "ஷிஃப்ட்டை அழுத்து" என்று ஒருவன் சொல்ல, பக்கத்தில் இருந்தவன் "எங்க அம்மாவுக்கு இந்த வாரம் நைட்டு" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

அவள் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும்போது மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா பழைய பாவாடைத் துணியில் உறை தைத்திருந்தார். திறந்து பார்த்தேன். விசை ஒவ்வொன்றின் மேலும் கடுகளவு ஒட்டுத்தாள், அதில் நீலப் பேனாவால் தமிழ் எழுத்து. அ, இ, உ வரிசையாக என் தாளில் இருந்தபடியே. 'க' தேய்ந்து பாதி அழிந்திருந்தது. கடைசியில் இருந்த 'ழ' மட்டும் அப்படியே புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் அந்த மடிக்கணினி இன்னொரு பையன் வீட்டுக்குப் போயிற்று. அப்பா லாரி ஓட்டுபவர். 'க'வை மட்டும் புதிதாக எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.